அம்பாசடர் ரேடியோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய கார் ரேடியோக்களைச் சரிசெய்வது உங்கள் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவின் அம்பாசடரை விற்றபோது அதிலிருந்த பட்டன் ரேடியோவையும், பின்னாளில் அவர் டேஷ்போர்டுக்குக் கீழே மாட்டிய கேசட் பிளேயரையும் கழற்றிப் பரணில் போட்டோம். தபால் ஆபீஸில் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டிய ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் கூடவே கிடக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. நானே சரிசெய்ய முடியுமா? மீடியம் வேவ் அடங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் இது கிறுக்குத்தனம் இல்லையா?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

கிறுக்குத்தனம்தான். என் வீட்டிலும் இதே சொல்தான் புழங்குகிறது. ஆனால் அந்த ப்ளூடூத் போர்டு மட்டும் வேண்டாம், அதை வைத்த பிறகு அப்பாவுடையது என்று சொல்ல முன்பக்கத் தகடும் இரண்டு குமிழ்களும்தான் மிஞ்சும்.

முதலில் கேசட் பிளேயரை எடுங்கள். அதில் முக்கால்வாசிக் கோளாறு ரப்பரும் அழுக்கும்தான், எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவருக்கு நல்ல ஆரம்பம். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே தார் ஒழுகியதுபோல ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது பெல்ட். பெல்ட்டாக இருந்தது. கையில் பட்டால் இரண்டு நாள் போகாது, சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) பள்ளம் வரை துடைத்தெடுத்துவிட்டு, பெல்ட் ஓடும் வழியில் ஒரு நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதைவிட ஐந்து சதவீதம் போலக் குறைவான பெல்ட் சரியாக இருக்கும். சென்னைப் பக்கம் வந்தால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடலாம்.

அப்புறம், கேசட்டை 'தின்கிற' பிளேயர் என்று சொல்வார்களே, அது டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டின் குற்றம் இல்லை. கேப்ஸ்டன் என்ற மெல்லிய உருளைக் கம்பியும் அதை அழுத்தும் ரப்பர் சக்கரமும் சேர்ந்து டேப்பை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் தள்ளிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கச் சக்கரம் தளர்ந்துபோய் வந்ததைச் சுருட்டாவிட்டால் டேப் எங்கே போகும்? கேப்ஸ்டனையே சுற்றிக்கொள்ளும். அதனால் அப்பாவின் கேசட்டை முதலில் போட்டுவிடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற ஒன்றைப் போட்டு, இரண்டு பக்கமும் முழுசாக ஓடுகிறதா பாருங்கள்.

இனி ரேடியோ. எனக்குக் கிடைத்த முதல் செட்டை நான்தான் கெடுத்தேன். புதுப்பேட்டையில் உதிரிபாகக் கடை ஒன்றில் வாங்கியது, கரகரப்போடு பாடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்ற கேங் கண்டன்சர் என்ற, சுழலும் தகடுகள் கொண்ட பாகம் இருக்கும். கார் குலுங்குமே என்பதால் கார் ரேடியோவில் பெரும்பாலும் அது கிடையாது, காயில் என்ற கம்பிச்சுருளுக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான குச்சிகள் போய்வரும். அந்தக் குச்சியின் முனையில் ஸ்குரூ தலை மாதிரி ஒரு வெட்டு தெரிந்தது. வெட்டு தெரிந்தால் திருப்பாமல் இருக்க முடிகிறதா? இரும்பு ஸ்குரூடிரைவரை விட்டுத் திருப்பினேன், 'டிக்' என்று ஒரு சத்தம், குச்சி உள்ளேயே இரண்டாக உடைந்தது. கரகரத்த செட் ஊமையாகிவிட்டது. ஆகவே காயில் பக்கம் போகாதீர்கள். நீங்கள் திருப்பலாம் என்று நான் சொல்வது ஏரியல் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரிம்மர் என்ற சிறு திருகு ஒன்றைத்தான். அதையும் கார் ஏரியலை மாட்டிக்கொண்டு, டயலில் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனை வைத்து, சத்தம் கூடும்வரை மெல்லத் திருப்ப வேண்டும்.

மின்சாரம் கொடுக்குமுன் எந்த வயர் செட்டின் உலோகப் பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவைத்தான் கார் பாடியில் கொடுத்திருப்பார்கள், அந்த வகை செட்டில் மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி வேண்டாம், மீடியம் வேவ் முழுக்க அதன் இரைச்சல்தான் கேட்கும். 12 வோல்ட் பேட்டரி எடுத்து, பாசிட்டிவ் வயரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைச் சீரிஸில், அதாவது மின்சாரம் அதன் வழியாகவே செட்டுக்குப் போகும்படி, மாட்டுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் தைரியமாகத் தொடரலாம்.

பெரும்பாலும் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களில்தான் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உருளைகள்) கோளாறு வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், ஒன்றை மாற்றிக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 1960களின் செட் என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. ஏ.எஃப். 117 என்ற டிரான்சிஸ்டரின் உலோகக் கூட்டுக்குள் வெள்ளீயத்தில் முடியைவிட மெல்லிய மீசை முளைத்து உள்கம்பியைத் தொட்டுவிடும். நான்கு காலில் கூட்டோடு சேர்ந்த காலை வெட்டிவிட்டால் பல சமயம் செட் மறுபடி பாடும். நான் முதன்முதலில் வெட்டியபோது கை நடுங்கியது.

பட்டன்கள் இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நம் வீடுகளில் கை அதற்குத்தான் போகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். இளகியதும் ஒரு பட்டனை வெளியே இழுத்து, ஸ்டேஷனைக் குமிழால் பிடித்துவைத்து, பட்டனை அடிவரை அழுத்துங்கள். ஸ்டேஷன் அதில் பதிந்துவிடும், எல்லாம் வெறும் தகடும் நெம்புகோலும்தான். இழுக்குமுன் இப்போது ஒவ்வொரு பட்டனும் முள்ளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவை அப்பா வைத்த இடங்களாக இருக்கலாம். ஒன்று 936 கிலோஹெர்ட்ஸில், திருச்சி வானொலியில், நின்றால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

அந்த லைசென்ஸ் புத்தகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்டாம்ப் ஒட்டிய பக்கம் தெளிவாகத் தெரியட்டும்.