சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வருகிறோம், எந்த ஏரியாவில் வாடகைக்கு வீடு பார்ப்பது?

உங்கள் அலுவலகம் சாண்ட்டனில். மனைவிக்கு இப்போதைக்கு வேலை இல்லை, மகளுக்கு ஐந்து வயது, கார் ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் மட்டும். நண்பர்கள் மிட்ராண்ட் என்கிறார்கள், கம்பெனியில் சன்னிங்ஹில் என்கிறார்கள். சென்னையில் இருந்தபடியே ஒரு வருட ஒப்பந்தம் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். ஏழு வருடம் ஆகிவிட்டது, அந்த முதல் வீட்டை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

படத்தில் பார்த்து எடுத்த வீடு அது. மிட்ராண்ட் பக்கம் ஒரு எஸ்டேட், அதாவது ஒரே கேட்டுக்குள் அடங்கிய குடியிருப்பு. சுற்றிலும் மின்வேலி, வாசலில் காவலர்கள், உள்ளே புல்வெளி, நீச்சல் குளம். பார்வைக்கு வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புவேன். என்1 நெடுஞ்சாலையில் பக்ளூ சந்திப்பைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனால் கஷ்டப்பட்டது நான் இல்லை, என் மனைவி. எஸ்டேட் கேட்டுக்கு வெளியே நடைபாதை கிடையாது. பால் வாங்கக்கூட கார் வேண்டும். மினிபஸ் டாக்ஸி ஓடும், ஆனால் எந்த ஊருக்கு எந்த விரலைக் காட்டி நிறுத்துவது என்பது பழகியவர்களுக்குத்தான் பிடிபடும். தனி அனுமதி இல்லாமல் துணைவர் விசாவில் வேலைக்கும் போக முடியாது. சென்னையில் தனியாக ஸ்கூட்டரில் சுற்றியவர் எட்டு மாதம் அந்த கேட்டுக்குள்ளேயே இருந்தார். ஒருநாள் இரவு சாப்பிடும்போது, "இன்னிக்கு நான் பேசினது செக்யூரிட்டிகிட்ட மட்டும்தான்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால், பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவரை மனதில் வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். அலுவலகத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மனைவி கார் இல்லாமல், பகல் பத்து மணிக்கு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே நடந்து போக முடியும் என்று பாருங்கள். இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள இடங்கள் குறைவு.

எங்களுக்குப் பொருந்தியது கிலார்னி, ரோஸ்பேங்க் பக்கம். கிலார்னியில் பழைய அடுக்குமாடிகள் நிறைய உண்டு. புது டவுன்ஹவுஸ்களோடு ஒப்பிட்டால் அறைகள் விசாலம். மால் நடக்கிற தூரம், கொஞ்சம் தள்ளி ஜூ லேக் பூங்கா. ரோஸ்பேங்கிலிருந்து சாண்ட்டன், கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் அடுத்த ஸ்டேஷன்தான், சில நிமிடங்களில் போய்விடலாம். மெல்ரோஸ் முருகன் கோயிலும் பக்கத்தில் இருப்பதால் தைப்பூசக் காவடியைத் தவறவிடுவதில்லை. பகலில் நடப்போம். இருட்டிய பிறகு நடப்பதில்லை, அந்தக் கட்டுப்பாடு இங்கே எந்த ஏரியாவுக்கும் உண்டு.

மிட்ராண்ட் மோசம் என்று சொல்லவில்லை. அதே வாடகைக்கு அங்கே பெரிய வீடு கிடைக்கும், நம் ஐ.டி. குடும்பங்களும் நிறைய. கணவன் மனைவி இருவரும் கார் ஓட்டுவார்கள் என்றால் தாராளமாக எடுக்கலாம். கௌட்ரெயின் மிட்ராண்டிலும் நிற்கும், ஆனால் ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு அமைந்தால்தான் பயன். சன்னிங்ஹில் சாண்ட்டனுக்கு இன்னும் கிட்ட, வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் ரயில் கிடையாது. குடியிருப்புக் காம்ப்ளெக்ஸ் வாசலிலிருந்து கடைத்தெரு வரைக்கும் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

'நம்ம ஆட்கள் இருக்கிற இடம்' என்று யாராவது லெனேசியாவைச் சொல்வார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் தனி இடம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தை வைத்து இந்தியர்களை நகரத்துக்கு வெளியே தள்ளிக் குடியேற்றிய ஊர் அது. கோயில், கடை, பாட்டு வகுப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. நான்கைந்து தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள் தமிழ் பேசத் தெரியாவிட்டாலும் தேவாரம் பாடுவதை அங்கே கேட்டிருக்கிறேன், மனம் கரைந்துவிடும். ஆனால் அது நகரத்தின் தென்மேற்குக் கோடி, சாண்ட்டன் வடக்கு. தினமும் போய்வர முடியாது. விசேஷ நாட்களில் போய் வாருங்கள்.

சரி, ஏரியா முடிவானதும் வீட்டைப் பார்க்கும்போது ஒரு திசைகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். நாம் கிழக்குப் பார்த்த வாசல் தேடிப் பழகியவர்கள். இங்கே நாம் இருப்பது தென் அரைக்கோளம், சூரியன் வடக்கு வானில்தான் நகரும். தெற்குப் பார்த்த கூடத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயிலே விழாது. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்கால இரவில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும், 2023 ஜூலையில் பனியே பெய்தது. பெரும்பாலான வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. எங்கள் முதல் வீட்டுக் கூடம் தெற்குப் பார்த்தது. நாள் முழுக்க ஹீட்டர் ஓடும், ப்ரீபெய்டு மீட்டருக்கு வாங்கிய யூனிட் கரைந்துகொண்டே போகும், மறுபடி யூனிட் வாங்கி, அதற்குத் தரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் தட்டிக்கொண்டிருப்போம். இப்போதைய வீட்டில் கூடம் வடக்குப் பார்த்தது. ஜூலை மாதத்தில்கூட பகலில் ஸ்வெட்டர் தேவைப்படுவதில்லை.

அடுத்தது தண்ணீர். சென்னைக்காரரான உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். எந்தப் பெரிய ஆற்றின் கரையிலும் இல்லாத ஊர் இது. தெற்கே வால் ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏற்றித்தான் தண்ணீர் வருகிறது. மேடான பகுதிகளில் நீர்த்தேக்கத் தொட்டி காலியானால் நாள்கணக்கில் குழாய் வறண்டுவிடும். மின்வெட்டு 2023இல் உச்சத்தில் இருந்தது, 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. கேபிள் பழுது, கேபிள் திருட்டால் வரும் தடை மட்டும் இன்னும் உண்டு. கட்டடத்துக்குத் தொட்டியும் பம்ப்பும் இருக்கிறதா, கரண்ட் போனாலும் அந்தப் பம்ப் ஓடுமா என்று கேளுங்கள். ஏஜெண்டைக் கேட்காதீர்கள். வாசலில் இருக்கும் காவலரிடம், "கடைசியா எப்போ தண்ணி நின்னது, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும், மறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இனி ஒப்பந்தம். அந்த எஸ்டேட் வீட்டை விட்டு வெளியேற நினைத்தபோது, வருடம் முடியும்வரை வாடகை கட்டியே ஆகவேண்டும் என்று ஏஜெண்ட் அடித்துச் சொன்னார். நானும் மூன்று மாதம் நம்பினேன். உண்மையில் இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 20 வேலை நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு வாடகைதாரர் இடையிலேயே வெளியேறலாம். நியாயமான ஒரு ரத்துத் தொகையை வீட்டுக்காரர் கேட்கலாம், மீதி மாதங்களின் வாடகையை அப்படியே கேட்க முடியாது. ஆனால் வாடகைதாரரும் கம்பெனி, வீட்டு உரிமையாளரும் கம்பெனி என்றால் இந்த உரிமை கிடையாது. அதனால் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அட்வான்ஸை வீட்டுக்காரர் வட்டி வரும் கணக்கில்தான் போட்டு வைக்க வேண்டும், வட்டியும் உங்களுக்கே. குடி புகும்போதும் காலி செய்யும்போதும் இரண்டு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, பழுதுகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் நாளே சுவர்க் கீறல், அடுப்புக் கறை உட்பட எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தகராறு வந்தால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. நேரில் வீட்டைப் பார்க்காமல், யார் என்ன சொன்னாலும், ஒரு ராண்ட் கூட அனுப்ப வேண்டாம். விளம்பரத் தளத்திலிருந்து படங்களைத் திருடிப் போட்டு அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றுகிறவர்கள் இங்கே உண்டு.

இந்த ஊரில் உங்களுக்குக் கடன் வரலாறு இருக்காது என்பதால் சில வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். வேலை உத்தரவுக் கடிதத்தோடு இரண்டு மாத அட்வான்ஸ் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கம்பெனியிடம் முதல் மாதத்துக்குத் தங்குமிடம் கேளுங்கள், ரோஸ்பேங்க் பக்கமே கேளுங்கள். அந்த நான்கு வாரத்தில் வீடு பார்க்க ஒவ்வொரு முறையும் மனைவியைக் கூட்டிப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த வீடு வேண்டாம்.

பள்ளி ஆண்டு இங்கே ஜனவரியில் தொடங்கும். அரசுப் பள்ளிகளில் முன்னுரிமைக்கு வீட்டு முகவரியையும் பார்ப்பார்கள், அதனால் வீட்டு ஒப்பந்தம் கையில் வந்ததும் விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வந்து இறங்கியதும் இங்கேயே செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் நாங்கள் இந்தியக் கடைகள் உள்ள ஃபோர்ட்ஸ்பர்க் போய் முருங்கைக்காய், உளுந்து, இட்லி அரிசி வாங்கி வருவோம், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. உங்கள் மனைவியின் எண்ணைத் தந்தால் என் மனைவி முன்னதாகவே பேசிவிடுவார். அவரே சொல்லச் சொன்னார்.