மளிகைச் செலவில் எதைக் குறைப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். மளிகைக்கு மாதம் 6,000 ரேண்ட் ஆகிறது. "எல்லாவற்றிலும் கடையின் சொந்த பிராண்டையே வாங்கு, ஆயிரம் மிச்சமாகும்" என்கிறார் கணவர். போன மாதம் அப்படியே செய்தேன். மசாலாவும் தேயிலையும் யாருக்கும் பிடிக்கவில்லை. மூன்று நாள் வெளியே சாப்பாடு வாங்கினோம். கடைசியில் மிச்சம் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி நினைத்துவிட்டார்.

பொருளியலில் சமநோக்கு வளைகோடு என்று ஒன்று உண்டு. 1881இல் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் முன்வைத்த யோசனை அது. ஒரே அளவு திருப்தி தரும் பொருள் கூடைகளையெல்லாம் சேர்க்கும் கோடு. இரண்டு கூடைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், "எதுவானாலும் சரி" என்று மனதாரச் சொல்கிறீர்களா? அப்படியானால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அங்கே மலிவானதை எடுத்தால் உங்களுக்கு இழப்பே கிடையாது. உப்பு, சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய், துணி சோப்பு எல்லாம் பல வீடுகளில் இந்த வகைதான். மிச்சம் பிடிக்க வேண்டியது இங்கேதான்.

எது எந்த வகை என்று ஊகிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பிராண்டு பருப்பையும் ஒரே மாதிரி தாளித்து, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அன்றோடு விலை கூடியதை விட்டுவிடலாம். தேயிலையையும் இப்படிச் சோதியுங்கள். பிடித்தது ருசியா, பழகிப்போன பாக்கெட்டா என்பது அப்போது தெரிந்துவிடும்.

மசாலாவில் உங்கள் வீட்டு விருப்பம் உறுதியானது. அதற்கு ஒரு விலை வைத்துப் பாருங்கள். நல்ல மசாலா மாதத்துக்கு 40 ரேண்ட் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக இரண்டு பாட்டில் குளிர்பானத்தை விடச் சம்மதமா? சம்மதம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அந்த 40 ரேண்டை மிச்சம் பிடிக்கப் போய்த்தானே மூன்று நாள் வெளிச்சாப்பாட்டுக்குக் கொடுத்தீர்கள்!

ரொட்டியையும் பாருங்கள். பிரவுன் ரொட்டிக்கு வாட் வரி இல்லை, வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீதம் உண்டு. அரிசி, பருப்பு, முட்டை, டின் பில்சர்டு மீனுக்கும் வரி இல்லை. கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் உண்டு. அதற்காகக் கறியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எந்த ரொட்டியும் ஒன்றுதான் என்றால் மட்டும் மாற்றுங்கள். கடையில் போட்டிருக்கும் விலை வரியும் சேர்ந்ததுதான் என்பதால், வரியைத் தனியாகக் கணக்குப் போட வேண்டாம். கிலோவுக்கு என்ன விலை என்று மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், மிஞ்சும் பணத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முதல் மாதம் 400 ரேண்ட் மிஞ்சினாலே எனக்குத் திருப்திதான். ஆயிரம் வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையில் அவரையும் உட்கார வையுங்கள்.