செத்தவங்க எந்திரிச்சு வர்ற நாடகம் – கடிதம்

வணக்கம் சார்,
நீங்க ஒரு பேச்சுல சொன்னதால போலந்து நாடக ஆசிரியர் விட்காட்ஸியோட 'நீர்க்கோழி'ய இங்கிலீஷ்ல படிச்சேன். ஆரம்பத்துலயே ஒருத்தன் ஒரு பொண்ண சுட்டுக் கொல்றான், பின்னாடி அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வர்றா. அபத்த நாடகம் எழுதின அயனெஸ்கோவையும் பெக்கெட்டையும் பாத்து எழுதின மாதிரி இருக்கு. மொழிபெயர்ப்பாளர்தான் ஓவரா தூக்கிப் பிடிக்கிறாரோ?

வணக்கம்,
வருஷத்த மட்டும் ஒரு தடவ பாருங்க. 'நீர்க்கோழி' எழுதினது 1921ல. அயனெஸ்கோ முதல் நாடகம் மேடை ஏறினது 1950, பெக்கெட்டோட 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953. அப்ப விட்காட்ஸி செத்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம கைக்கு கடைசியா வந்து சேர்ந்ததால காப்பி மாதிரி தெரியுது, அவ்ளோதான்.

அந்த சுடுற இடத்த மெதுவா இன்னொரு தடவ படிங்க. முதல் குண்டு தப்பிடுது, ரெண்டாவது நெஞ்சுல படுது, பட்டவ அலறாம ஒண்ணு மிஸ், ஒண்ணு நேரா இதயத்துலங்கிற மாதிரி கணக்கு சொல்லிட்டு சாகுறா. பெக்கெட்ல இந்த குஷி கிடையாது. தியேட்டர விட்டு வெளிய வர்றவனுக்கு ஏதோ வினோதமான தூக்கத்துலேர்ந்து முழிச்ச மாதிரி இருக்கணும்னு இவரே எழுதியிருக்காரு. 'பைத்தியக்காரனும் கன்னியாஸ்திரியும்' இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்துல), தூக்குல தொங்கினவன் கோட்டு சூட்டு போட்டு கதவத் திறந்துட்டு வர்றான், அவனோட பொணம் அங்கயே கிடக்கு.

1914ல இவருக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டா. மனசு உடைஞ்சு கிடந்தவர, மானுடவியல் மாலினோவ்ஸ்கி இருக்காரே, அவர்தான் ஃப்ரெண்டு, ஆஸ்திரேலியா போற வழியில சிலோனுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாரு. செத்தவங்க திரும்பத் திரும்ப எந்திரிச்சு வர்றது அங்கேர்ந்து வந்ததோன்னு எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்கல்லாம் முடியாது.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்துக்கு வர்றேன். டேனியல் ஜெரோல்ட் நியூயார்க்ல வாத்தியார். 1968ல இன்னொருத்தரோட சேந்து விட்காட்ஸியோட ஆறு நாடகத்த ஒரே புக்கா கொண்டு வந்தாரு, அதோட விட்டிருந்தா நூறோட நூத்தி ஒண்ணு, ஆனா 1981ல விட்காட்ஸியப் பத்தி தனி புக்கு, 1992ல ஒரு பெரிய தொகுப்பு, 2012ல சாகுற வரைக்கும் விடவே இல்ல மனுஷன். போலந்துலயே ஸ்டாலின் காலத்துல விட்காட்ஸிய மேடையேத்த முடியல, 1956ல போலந்து நாடக இயக்குநர் கான்டோர் தன்னோட புது குழுவ இவரோட நாடகத்த வச்சுத்தான் ஆரம்பிச்சாரு. இப்படி ஒரு ஆளுக்கு முன்னுரையில கொஞ்சம் சத்தமா பேசுனாத்தான் யாராவது திரும்பிப் பாப்பாங்க, இல்லீங்களா?

அதுக்காக எல்லாமே மாஸ்டர்பீஸ்னு சொல்ல மாட்டேன். 'செருப்பு தைக்கிறவங்க'ல பேச்சு பேச்சு பேச்சு, எனக்கே பாதியில கொட்டாவி வந்துச்சு.

இன்னொண்ணு. 1939 செப்டம்பர் 17 சோவியத் படை போலந்துக்குள்ள வந்துச்சு, மறுநாள் விட்காட்ஸி தற்கொலை பண்ணிக்கிட்டாரு. 1988ல எலும்பத் தோண்டி எடுத்துட்டு வந்து ஸகோபானேங்கிற போலந்து மலை ஊர்ல அரசு மரியாதையோட புதைச்சாங்க. 1994ல மறுபடி தோண்டிப் பாத்தா அது யாரோ ஒரு இளம்பொண்ணோட எலும்பு. இத அவரே எழுதியிருந்தா நீங்க அயனெஸ்கோ காப்பின்னு சொல்லியிருப்பீங்க!

அடுத்து 'பைத்தியக்காரன்' படிங்க, சின்னதுதான், ஒரே ராத்திரியில முடிச்சிரலாம். முன்னுரைய கடைசியில படிங்க.