நொடிஞ்ச கார் கொம்பனியை ஒரு ஆளால நிமித்தேலுமோ? – கேள்வி பதில்

கார் செய்யிற கொம்பனியளின்ர கணக்கு, கொள்வனவு, உற்பத்தி பற்றிக் கேளுங்கோ. எந்தக் கார் வாங்கலாம் எண்டதுக்கு இண்டைக்குப் பதில் இல்லை.

கொக்குவில் மாணவர்: நட்டத்தில போற கார் கொம்பனிக்குப் புதுசா வாற பிரதான நிறைவேற்று அதிகாரி முதல் வருசத்தில என்ன செய்யோணும்?

பதில்: முதல் கிழமையே கையில எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கெண்டு எண்ணோணும். கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டினவுடன முகவரிட்டை இருந்து பணம் வந்திடும். பாகம் குடுத்தவனுக்கு ஒண்டு, இரண்டு மாதம் கழிச்சுத்தான் கட்டுறது. விற்பனை ஏறேக்கை இது வட்டியில்லாக் கடன். விழுந்தா மறுவளம்: வரவு நிண்டிடும், பழைய பில்லெல்லாம் வரிசையில வந்து நிக்கும். பெரிய கொம்பனியளும் சில மாதத்துக்குள்ளை சாயிறது உதாலதான்.

அதனால கடனைத் தேவைப்பட முந்தியே எடுக்கோணும். அலன் முலாலி விமானம் செய்யிற போயிங்கில இருந்து போர்டுக்குப் பிரதான நிறைவேற்று அதிகாரியா வந்தது 2006 செப்ரெம்பர். வருச முடிவுக்குள்ளை 23.6 பில்லியன் டொலருக்குக் கடன் ஏற்பாடு முடிஞ்சிட்டுது. காணி உறுதியை ஈடு வைக்கிற மாதிரி தொழிற்சாலையளையும் நீல ஓவல் சின்னத்தையும் ஈடு வைச்சவை. 2008 இல வங்கியள் கையை விரிச்சுது. அடுத்த வருசம் ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் வங்குரோத்துக்குப் போச்சினம், போர்ட் போகேல்லை.

இரண்டாவது கொள்வனவு. காரின்ர செலவில பாதிக்கு மேல வெளியில வாங்கிற பாகங்கள்தான். பிரான்சின்ர ரெனோவில இருந்து நிசானை நிமித்தப் போன கார்லோஸ் கோன் 1999 ஒக்ரோபரில அறிவிச்ச திட்டம் மூண்டு வருசத்தில கொள்வனவுச் செலவை 20 வீதம் குறைக்கிறது, 1,145 பாக வழங்குநரை 600 ஆக்கிறது. விலையைக் குறை எண்டு மிரட்டினா ஒருக்கால் தான் குறையும், பிறகு தரத்தில வெட்டு விழும். பொறியியலாளரும் வழங்குநரும் ஒரு மேசையில இருந்து, ‘இந்தப் பாகத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையோ, இரண்டு மொடலுக்கு ஒரே பிராக்கெற் போதாதோ’ எண்டு பார்த்தாத்தான் குறைவு நிலைக்கும்.

மூண்டாவது அடித்தளம், பிளாட்போம் எண்டுறது: மேல் உடம்பு வேற எண்டாலும் பல மொடலுக்குப் பொதுவாப் போடக்கூடிய அடிப்பாகம். உதின்ர எண்ணிக்கையைக் குறைக்கோணும். ஒவ்வொண்டுக்கும் தனி அச்சு, தனி மோதல் சோதனை. போர்ஷேயில வென்டலின் வீடெக்கிங் தலைவரா இருந்த காலத்தில 1996 இல வந்த பொக்ஸ்டரும் அடுத்து வந்த 911 உம் தலைவிளக்கு, பொனற், கதவெல்லாம் பங்கு போட்டவை. வாங்கிறவன் பார்க்கிற இடம், தொடுற இடத்தில வித்தியாசம் காட்டோணும். மற்ற இடத்தில ஒண்டாக்கோணும். போர்ஷே தலைவிளக்கிலயே ஒண்டாக்கினதை 911 பிரியர்கள் கன காலம் மன்னிக்கேல்லை.

கடைசியாத் தொழிற்சாலை மூடுறது. தலைப்புச் செய்தியில முதல் வாறது இது, ஆனால் காசு திரும்ப ஆகப் பிந்தும். வேலை போறவைக்கு நட்டஈடு முதல் குடுக்கோணும், செலவு மிச்சமாகிறது பிறகுதான்.

புது மொடலுக்கான செலவில மட்டும் கை வைக்கக் கூடாது. ஒரு கார் வடிவமைச்சு வெளியில வர மூண்டு, நாலு வருசம். அதை வெட்டினா இரண்டு வருசம் கணக்கு வடிவா இருக்கும், நாலாம் வருசம் காட்சியறையில பழைய கார்தான் நிக்கும். அதுக்குள்ளை வெட்டினவர் வேற கொம்பனிக்குப் போயிருப்பார்.

சுன்னாகம்: நிசான் மூடப்போகுதோ? என்ர எக்ஸ்-ட்ரெயிலுக்குச் சாமான் கிடைக்குமோ?

பதில்: கிடைக்கும். கார் கொம்பனி நொடிஞ்சாலும் பாகம் செய்யிறவன் வேற ஆள்.

மானிப்பாய்: முலாலியின்ர நிறக் கூட்டம் எண்டு ஒண்டு கேள்விப்பட்டன். விளம்பரம் தானே?

பதில்: இல்லை. ஒவ்வொரு வியாழனும் எல்லாத் துறைத் தலைவரும் தங்கட வேலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு காட்டோணும். பல பில்லியன் நட்டத்தில போற கொம்பனியில எல்லாரும் பச்சை காட்டிக்கொண்டிருந்தவை. துறைத் தலைவர்களில ஒருத்தரான மார்க் பீல்ட்ஸ் எட்ஜ் மொடலின்ர பின்கதவுப் பிரச்சினைக்குச் சிவப்புக் காட்டினபோது முலாலி கை தட்டினார். அதுக்குப் பிறகுதான் மற்றவையும் உண்மையைக் காட்டத் தொடங்கினவை. சிவப்புக் காட்டினவனை அண்டைக்கே கிழிச்சிருந்தா அடுத்த கிழமையும் எல்லாம் பச்சையாத்தான் வந்திருக்கும்.

கோண்டாவில்: அண்ணை, எங்கட வீட்டில ஒஸ்ரின் ஏ40 இண்டைக்கும் ஓடுது. இப்பிடிக் கார் செய்தவன் ஏன் செத்தவன்? அந்தக் கொம்பனிக்குத் தலைவரா வந்த மைக்கேல் எட்வேட்ஸ் வலுவான ஆள் தானே?

சுண்டிக்குளி: தொழிற்சங்கம் தான் காரணம். வேலைநிறுத்தம் செய்தே அழிச்சவை.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லுறன். இங்கிலாந்துக் கார் கொம்பனியள் ஒஸ்ரினும் மொறிஸும் 1952 இல ஒண்டானவை, 1968 இல பிரிட்டிஷ் லேலண்ட் எண்ட பெரிய கொம்பனிக்குள்ளை போனவை, 1975 இல அரசாங்கத்தின்ர கையில. வேலைநிறுத்தம் பெரிய காரணம்தான், மறுக்கேல்லை. ஆனால் நோய் அதுக்கு முந்தியது. 1959 இல அவையின்ர சின்னக் கார் மினி வந்தபோது வரியோட விலை 496 பவுண். போட்டிக் கொம்பனி போர்ட் ஒரு மினியை வாங்கிக் கழட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தது, ஒரு காருக்கு 30 பவுண் அளவில நட்டம் எண்டு வந்தது. பிறகு 1100 எண்ட ஒரே காரை ஒஸ்ரின், மொறிஸ், எம்ஜி, வூல்ஸ்லி, றைலி, வான்டன் பிளாஸ் எண்டு ஆறு பேரில வித்தவை. ஒரே கொம்பனியின்ர முகவர்மார் ஒருத்தனோட ஒருத்தன் விலைக்குப் போட்டி போட்டவை.

எட்வேட்ஸ் லேலண்டுக்கு 1977 இல வந்தவர். ஸ்பீக் தொழிற்சாலையை மூடினார், 1979 இல சங்கத் தலைவர் டெரிக் றொபின்சனை நீக்கினார். 1980 இல மெற்றோ எண்ட புதுச் சின்னக் கார் வந்தது. ஹொண்டாவோட கூட்டுச் சேர்ந்ததுதான் அவர் செய்த ஆக நல்ல வேலை.

சுண்டிக்குளி: அப்ப வலுவான ஆள் வந்தும் தோத்தது எண்டா உங்கட கதை சரியில்லையே. கோன் வெண்டார், இவர் தோத்தார்.

பதில்: தம்பி, கோன் வெறுங்கையோட போகேல்லை. ரெனோ நிசானில 36.8 வீதப் பங்கு வாங்கிக் காசைப் போட்ட பிறகுதான் போனவர். நிசானிட்டை நல்ல எஞ்சினும் நல்ல தொழிற்சாலையும் இருந்தது, இல்லாதது ஒழுங்கு. லேலண்டிட்டைக் காசு அரசாங்கத்தின்ர, மொடல் பழசு, தொழிற்சாலையும் பழசு. ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டாலும் 1977 இல வந்தவர் 1970 இல தொடங்கியிருக்க வேண்டிய காரைச் செய்யேலாது.

இன்னொண்டு. நிசான் 1999 நிதியாண்டில 684 பில்லியன் யென் நட்டம், அடுத்த ஆண்டு 331 பில்லியன் இலாபம். உதைப் பார்த்து வாயைப் பிளக்காதேங்கோ. புதுசா வாறவர் வருங்காலச் செலவையும் சேர்த்து முதல் வருச நட்டத்தில ஏத்திப்போடுவார், அடுத்த வருசம் தன்பாட்டில வெளிக்கும். கடன் குறைஞ்சுதோ எண்டு பாருங்கோ, அங்கை ஒளிக்கேலாது. நிசானில உண்மையாவே குறைஞ்சது.

நெல்லியடி: கிறைஸ்லர் தலைவரா இருந்த ஐயகோக்கா 1 டொலர் சம்பளத்துக்கு வேலை செய்தவராமே?

பதில்: ஓம். ஆனால் கிறைஸ்லரைக் காப்பாத்தினது 1.5 பில்லியன் டொலர் கடனுக்கு அரச உத்தரவாதமும் கே-கார் எண்ட சிக்கனக் காரும். 1983 இலயே கடனைக் கட்டி முடிச்சவை.

சாவகச்சேரி: லீசிங் வட்டி இப்ப எவ்வளவு?

பதில்: லீசிங் கொம்பனியைக் கேளுங்கோ.

பருத்தித்துறை: நிசான் மூடப்போகுதாம், இப்ப வாங்கலாமோ?

பதில்: சுன்னாகத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ.

உடுவில்: நிசானைப் பற்றி ஒரு சந்தேகம்…

பதில்: மூண்டாம் தரம். சரி, ஒரேயடியாச் சொல்லுறன். 2024 நிதியாண்டில ஏறத்தாழ 670 பில்லியன் யென் நட்டம். ஹொண்டாவோட இணையிற பேச்சு 2025 பெப்ரவரியில முறிஞ்சது, ஏப்ரலில இவான் எஸ்பினோசா நிசான் தலைவராப் பொறுப்பேத்தவர். 20,000 வேலை குறைப்பு, 17 தொழிற்சாலையை 10 ஆக்கிறது எண்டு அறிவிச்சிருக்கினம். வெட்டுப் பட்டியல் வந்திட்டுது. புது மொடல் பட்டியலைப் பார்த்துப்போட்டு வாங்கோ, கதைப்பம். சாமான் கிடைக்கும்.

கோண்டாவில்: அண்ணை, லேலண்ட் கடைசியில என்னண்டு முடிஞ்சது?

பதில்: பேர் மாறி றோவர் ஆகி, 1994 இல பிஎம்டபிள்யூ வாங்கினது. 2000 இல றோவரை 10 பவுணுக்குக் குடுத்தவை, 2005 இல அது விழுந்தது. மினியை மட்டும் பிஎம்டபிள்யூ விடேல்லை. மொறிஸ் மைனர் செய்த அதே கௌலியிலதான் 2001 இல இருந்து புது மினி செய்யினம். உங்கட ஏ40 செய்தது லோங்பிரிட்ஜில.