எடுபிடி ஏபிஐ: கடைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

தேக்கா சேலைக்கடையிலிருந்து: எல்லாரும் ஏபிஐ, ஏபிஐ என்கிறார்கள். எனக்கு அது எதற்கு?

இணையக்கடையில் ஆர்டர் வந்ததும் உங்கள் கடைப்பையன் எக்செலில் பெயரை ஏற்றிவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் "நன்றி அக்கா, நாளை மறுநாள் வந்துவிடும்" என்று தட்டுகிறான் அல்லவா? ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் நேராகக் கேட்டு வாங்கும் வாசல்தான் ஏபிஐ. அது இருந்தால் இந்த ஓட்டத்தை எடுபிடி மாதிரி மென்பொருளே ஓடும். ஆனால் சொன்னதை மட்டுமே செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பையும் சளைக்காமல் செய்யும்.

ஈசூனிலிருந்து, வீட்டில் கேக் செய்து விற்பவர்: புது ஆர்டர் உண்டா என்று சில விநாடிக்கொரு முறை ஏபிஐயிடம் கேட்க ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) வைத்தேன். இப்போது 429 என்று பிழை வருகிறது.

சோறு வெந்ததா என்று ஓயாமல் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால் அம்மா கரண்டியைத் தூக்குவார். 429 அந்தக் கரண்டிதான்: "ரொம்பக் கேட்கிறாய், பொறு." வெப்ஹூக்குக்கு மாறுங்கள். அதாவது, ஆர்டர் வந்தால் இணையக்கடைத் தளத்தாரே உங்கள் சர்வரின் முகவரிக்குத் தட்டிச் சொல்வார்கள்.

தெம்பனிஸ் துணைப்பாட நிலையம்: வெப்ஹூக்தான் வைத்திருக்கிறோம். ஒரே பெற்றோருக்கு மூன்று தடவை செய்தி போகிறது!

எனக்கும் நடந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கடைக்காக வாழ்த்து அனுப்பினேன். ஒரு அம்மா போன் செய்து, "தம்பி, உங்களுக்கும் நாலு தீபாவளி வாழ்த்துகள்" என்றார்.

தேடிப் பார்த்ததில் இரண்டு கோளாறு. வெப்ஹூக் வந்ததும் நம் சர்வர் சட்டென்று 200 ("கிடைத்தது") என்று பதில் தராவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதையே திரும்ப அனுப்புவார்கள். நான் செய்தியை அனுப்பி முடித்த பிறகே பதில் தந்துகொண்டிருந்தேன். முதலில் 200 சொல்லுங்கள், வேலையை அப்புறம் பாருங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அடையாள எண் வரும். அதைக் குறித்துவைத்து, ஏற்கனவே பார்த்த எண் என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அதே அம்மாவின் எண் பட்டியலில் சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான 65 சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் 8 இலக்கமாக ஒரு முறை இருந்தது. ஏபிஐக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். உள்ளே வரும்போதே எண்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: பழைய பட்டியலில் 2,000 எண்கள். எல்லாருக்கும் சலுகைச் செய்தி தட்டிவிடலாமா?

வேண்டாம். விளம்பரத்துக்குத் தெளிவாகச் சம்மதம் தராதவர் என்றால், 2014இல் சிங்கப்பூரில் தொடங்கிய "அழைக்க வேண்டாம்" பதிவேட்டில் (விளம்பரம் வேண்டாம் என்றவர்களின் எண்கள் இருக்கும் பட்டியல்) அந்த எண் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியில் எண்ணுக்குப் பதில் கடைப் பெயர் வரவேண்டுமானால் அந்தப் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2023 ஜனவரி 31 முதல், பதியாத பெயரில் வருவது "மோசடியாக இருக்கலாம்" என்ற தலைப்பில்தான் விழும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் தாண்டினால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புச் செய்தி (டெம்ப்ளேட்) மட்டுமே போகும்.

ஜூரோங்கிலிருந்து: ஏபிஐ சாவியை, அதாவது ஏபிஐக்கு நான் யார் என்று காட்டும் ரகசியக் குறியீட்டை, இணையப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலிலேயே வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

யார் வேண்டுமானாலும் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கில், உங்கள் காசில் விளம்பரம் ஓடும். சாவி சர்வரில் இருக்கட்டும். பழையதை இப்போதே ரத்து செய்யுங்கள், மற்ற சந்தேகத்தை அப்புறம் பேசலாம்.