மோப்லி, ஆலன் இருவரையும் சேர்த்து ஆடவிடலாமா?

NBA கூடைப்பந்தில் கிளீவ்லாண்ட் அணியின் உயரமான ஆட்டக்காரர்கள் மோப்லியும் ஆலனும் ஒன்றாக ஆடினால் பெயிண்ட் (கூடைக்கு முன்னால் வண்ணமிட்ட பகுதி) அடைபடுகிறது, ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. இதே ஜோடியை வைத்துத்தான் கிளீவ்லாண்ட் 2024-25 சீசனில் 64 ஆட்டம் ஜெயித்தது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அந்த சீசனில் மோப்லிக்குத்தான்.

சிக்கல் உயரத்தில் இல்லை, நிற்கும் இடத்தில். ஆலன் வெளியிலிருந்து எறிகிறவர் அல்ல. அவர் பேஸ்லைனை (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஒட்டி, பெயிண்டுக்குச் சற்று வெளியே நிற்க, மோப்லி மேலே வந்து ஸ்கிரீன் போட (பந்து வைத்திருப்பவரைக் காப்பவரை மறித்து நிற்க) வேண்டும். பந்தோடு அணியின் மிட்செல் உள்ளே பாயும்போது ஆலனைக் காப்பவர் தடுக்க ஓர் எட்டு வைத்தாலே போதும். பந்து அவர் தலைக்கு மேலே போகும், ஆலன் டங்க் அடிப்பார் (பந்தைக் கூடைக்குள் அறைவார்). பிக் மேன் (உயரமான ஆட்டக்காரர்) இருவரும் ஒரே பக்கம் நின்றால் எதிரணியில் ஒரே ஆள் இருவரையும் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்த்த நெரிசல் அதுதான். மோப்லிக்குக் கார்னரில் த்ரீ (மூன்று புள்ளி எறியும் வாய்ப்பு) கிடைத்தால் உடனே எறிந்துவிட வேண்டும். அரை நொடி தயங்கினாலும் காப்பவர் வந்துவிடுவார், இடமும் போய்விடும்.

எதிரணி ஐந்து பேரும் வெளியே நின்று எறிகிறவர்கள் என்றால் ஒருவரை உட்காரவைப்பதே சரி. 2025 இறுதிச் சுற்றில் ஓக்லஹோமா சிட்டி அணி தன் பிக் மேன் ஹார்டென்ஸ்டைனை முதல் ஐவரிலிருந்து எடுத்தது, நான்காவது ஆட்டத்தில் இன்னொரு பிக் மேன் ஹோம்கிரனோடு மறுபடி சேர்த்தது, கோப்பையும் அவர்களுக்கே.