பீங்கான் தட்டு பார்சலில் உடையாமல் போய்ச்சேர என்ன செய்ய வேண்டும்?

கும்பகோணத்திலிருந்து டெல்லிக்குப் பீங்கான் தட்டுகளை அனுப்ப, பெட்டிக்குள் எதற்கு இவ்வளவு காகிதம் திணிக்க வேண்டும் என்பது கேள்வி.

திணிப்பு என்றால் பாத்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நசுங்கிக்கொடுக்கும் பொருளை அடைப்பது. பெட்டி கீழே விழும்போது தட்டு சட்டென்று நின்றால் மொத்த அடியும் கண் இமைக்கும் நேரத்தில் அதன் மேல் இறங்கும். நடுவில் இருப்பது நசுங்கினால் தட்டு மெல்ல நிற்கும், அடியும் குறையும். சிமெண்ட் களத்தில் விழுவதற்கும் வைக்கோல் போரில் குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தட்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி, விளிம்பில் நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் மேலே உள்ளவற்றின் பாரம் முழுக்க அடித்தட்டுக்குத்தான். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் திணிப்பு, அப்புறம் பெட்டியை ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் அடையுங்கள். டெல்டாவில் கிடைக்கும் வைக்கோலும் நன்றாகக் காய்ந்திருந்தால் சரி. வெளிநாட்டுக்கு மட்டும் வேண்டாம். பூச்சி வரும் என்று பல நாடுகள் தடுக்கின்றன.

‘உடையும் பொருள்’ என்று எழுதி ஒட்டினால் போதும் எனப் பலர் நம்புகிறார்கள். லாரியில் அதன் மேலும் மூட்டை ஏறலாம், அப்போது தட்டைக் காப்பது பெட்டியின் உறுதியும் உள்ளே இருக்கும் திணிப்பும்தான்.